மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போனவர்



இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவாகக் கூடும்போதெல்லாம் நாம் அவருடைய அரசியலைப் பேசுகிறோம். 1893-ல் ‘பறையன்’ என்று பெயரிட்டே பத்திரிகை தொடங்கிய துணிச்சலைப் பேசுகிறோம். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அவர் நின்றதைப் பேசுகிறோம். இந்த ஆண்டு அவர் மாணவராக இருந்த காலத்துக்குப் போய்வரலாம் என்று நினைக்கிறோம்.

1939-ல் வெளிவந்த அவருடைய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ மிகச் சிறிய நூல். கோயமுத்தூர் கலாசாலையில் படித்த நாட்களைப் பற்றி அதில் ஒரு பத்தி இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 400 மாணவர்கள். பத்துப் பேர் நீங்கலாக மற்றவர்கள் அனைவரும் பிராமணர்கள். பிள்ளைகளோடு நெருங்கிப் பழகினால் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அவருக்கு அச்சம். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு கலைந்ததும் மற்ற மாணவர்கள் எட்டிவிடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்ந்துவிடுவார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத கொடுமையை நினைத்து மனம் கலங்கியதாகவும், இதை எப்படி வெல்வது என்று ஓயாமல் யோசித்ததாகவும் எழுதுகிறார்.

இந்தப் பத்தியைப் பல ஆண்டுகளாகக் கூட்டங்களில் எடுத்துச் சொல்லி வருகிறோம். சக மாணவர்களின் சாதித் திமிருக்கு அது சான்று என்பதுதான் எங்கள் விளக்கம். ஒருநாள் எங்கள் மாலைப் பள்ளியில் இதைச் சொல்லி முடித்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “அங்க வாத்தியார் யாருமே இல்லியாக்கா?” என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களால் சிரிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் நூலைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அந்தப் பத்தியில் வாத்தியார் இல்லை. ஒரு மாணவன் தினமும் கடைசி ஆளாக உள்ளே வருகிறான், முதல் ஆளாக வெளியே போகிறான். “ஏனப்பா இப்படி?” என்று அவனிடம் கேட்ட ஒருவர் அங்கே எழுதப்படவில்லை. இன்றைய உரை அந்தச் சிறுமியின் கேள்விக்கு நாங்கள் காலம் தாழ்த்திச் சொல்லும் பதில்.

பள்ளிகளுக்குப் போய் நம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரு வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள்: “அந்தப் பையனுக்குப் படிப்புல ஆர்வமே இல்லீங்க.” சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. வருத்தத்தோடுகூடச் சொல்வார். ஆனால் அந்த வாக்கியத்தில் ஆர்வம் என்பது பிள்ளையின் உடம்போடு பிறந்த ஒரு பொருளாகிவிடுகிறது. சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. யாருக்கு இல்லை என்று பார்த்தால் பெரும்பாலும் காலனியிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு. நம் மக்களின் கல்வி வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. ஆர்வம் நம்மிடம் எப்போதும் இருந்தது. அது எங்கே, யாருடைய சொல்லால் முறிந்தது என்பதைத்தான் நாம் எழுதிவைக்காமல் விட்டுவிட்டோம்.

அண்ணலின் பள்ளி நாட்கள் நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. சாத்தாரா பள்ளியில் தனியே கோணிப்பையில் உட்கார்ந்ததும், அதைத் தினமும் வீட்டுக்கு எடுத்துப் போனதும், பியூன் வந்து உயரத்திலிருந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்பதும் தெரியும். அதைவிட அதிகம் யோசிக்க வேண்டியது பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. அங்கே கோணிப்பை இல்லை. அரசுப் பள்ளி, பெரிய நகரம். ஒருநாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகையில் கணக்குப் போட அழைக்கிறார். உடனே மற்ற பிள்ளைகள் கரும்பலகையை நோக்கி ஓடுகிறார்கள். பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருக்கின்றன. தீட்டுப் படுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த மாணவர் பலகையைத் தொட முடிந்தது.

கணக்குத் தெரிந்த பையன் அவர். ஆனால் வகுப்பறை அன்று அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் கணக்கு இல்லை. சமஸ்கிருதம் படிக்க விரும்பியபோது அதுவும் மறுக்கப்பட்டது. பாரசீகத்தை எடுத்துப் படித்தார். சமஸ்கிருதத்தைப் பின்னாளில் தம் முயற்சியால் கற்றுக்கொண்டார்.

அதே வாழ்க்கையில் வேறு ஆசிரியர்களும் வருகிறார்கள். மழையில் நனைந்து வந்த சிறுவனுக்கு மாற்றுத் துணி கொடுக்க ஏற்பாடு செய்த ஒருவர். தம் உணவில் பங்கு கொடுத்த ஒருவர். இவர்களைவிட முக்கியமானவராக எங்களுக்குப் படுபவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். அம்பேத்கர் படித்த பள்ளியின் ஆசிரியர்கூட இல்லை அவர். வில்சன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். சர்னி ரோடு பக்கத்துப் பூங்காவில் மாலை நேரங்களில் ஒரு பையன் உட்கார்ந்து படிப்பதைப் பார்க்கிறார். பக்கத்தில் போய் யார், என்ன படிக்கிறாய் என்று விசாரிக்கிறார். மகார் என்று தெரிந்த பிறகும் விலகிப்போகவில்லை. புத்தகங்கள் கொடுக்கிறார். தேர்வில் வென்றதற்காக நடந்த பாராட்டுக் கூட்டத்தில் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளிக்கிறார். பின்னர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவி கிடைக்க வழிசெய்கிறார். மாதம் 25 ரூபாய். அந்தப் பணம் கல்லூரியைத் தாண்ட உதவியது. அந்தப் புத்தகம் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் கூடியவர்களுக்குத் தெரியும்.

ஒருவரைப் பூங்காவில் பார்த்தார்கள். இன்னொருவர் கோயமுத்தூரில் பள்ளிக்கு வெளியே படித்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை, பார்த்தும் கேட்கவில்லை. இருவருமே பெரியவர்களாக வந்தார்கள் என்று சொல்லிச் சமாதானம் அடைய முடியாது. வராமல் போனவர்களின் சுயசரிதை நம்மிடம் இல்லை.

இது நல்ல ஆசிரியர், கெட்ட ஆசிரியர் என்ற தனிமனிதர் விஷயம் என்று நம் முன்னோர்கள் நினைக்கவில்லை. 1882-ல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு மகாத்மா ஜோதிராவ் புலே கொடுத்த மனுவைப் பாருங்கள். பள்ளி வேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ எல்லோரும் பிராமணர்களாக இருக்கிறார்கள், உழைக்கும் சாதிகளிலிருந்து ஆசிரியர்கள் வர வேண்டும், அவர்கள்தான் மக்களோடு கலந்து பழகுவார்கள் என்று கேட்டார். கற்பிக்கும் மனிதர் யார் என்பது பாடத்திட்டத்துக்கு நிகரான கேள்வி என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். அவரும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த மாங் சமூகத்துச் சிறுமி முக்தாபாய், தன் 14-ஆம் வயதில் மகார், மாங் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-ல் ‘ஞானோதயா’ இதழில் வெளியானது. தன்னை மதிக்கிற ஆசிரியர் முன்னால் உட்கார்ந்த பிள்ளை என்ன எழுதும் என்பதற்கு இந்திய வரலாற்றில் அதைவிடப் பழைய சான்று எங்களுக்குத் தெரிந்து வேறில்லை.

சென்னை மாகாணத்திலும் இதே யோசனை ஓடியிருக்கிறது. 1893-ல் பஞ்சமர் கல்விக்காக அரசு ஆணை வந்தது. சேரிகளில் பள்ளி, புறம்போக்கில் இடம் என்பதோடு பஞ்சமரிலிருந்தே ஆசிரியர்களை உருவாக்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. சாதி இந்து ஆசிரியர் சேரிக்குள் வர மாட்டார் என்பது அன்றைய நிர்வாகிகளுக்கும் தெரிந்திருந்தது. 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கத்தில் இலவசப் பஞ்சமப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரின் காலம் அது. 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தன் உள்ளே நுழைய முடியாத ஊரில், நந்தன் பெயரில், நந்தனின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியர். பாடநூல் எழுதியவர். ‘பஞ்சமர்’, ‘பறையர்’ என்ற பெயர்களுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்று அழைக்க வேண்டும் என்று 1922-ல் அவர் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததை நாம் அரசியல் நிகழ்வாக மட்டுமே படிக்கிறோம். ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த தீர்மானமாகவும் அதைப் படிக்கலாம். பெயர் கூப்பிடும்போது ஒரு பிள்ளையின் முகம் என்ன ஆகும் என்பது வகுப்பறையில் நின்றவருக்குத் தெரியாதா?

பின்னால் இந்தத் தனிப் பள்ளிகள் லேபர் பள்ளிகள், அரிசனப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று பெயர் மாறி மாறி வந்தன. அவற்றின் கட்டடங்கள் எப்படி இருக்கின்றன, காலிப் பணியிடங்கள் எத்தனை என்பதெல்லாம் தனியாகப் பேச வேண்டியவை. நம்மில் பெரும்பாலோர் படித்தது பொதுப் பள்ளியில். அங்கே நுழையும் உரிமை கிடைத்தது. அதோடு ஒரு கட்டளையும் சேர்ந்து கிடைத்தது.

“எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க.”

இந்த அரங்கில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த வாக்கியம் காதில் கேட்கிறது? ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கே.ஏ. குணசேகரன் 2005-ல் வெளியிட்ட ‘வடு’ தன்வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். உதவித்தொகைக்காகச் சாதிப் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லும்போது உடம்பு கூசிப்போவதைச் சொல்கிறார். அவர் 1955-ல் பிறந்தவர். நாங்கள் அவருக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்தவர்கள். 1990-களின் நடுவில் ஒன்பதாம் வகுப்பில் நாங்களும் எழுந்து நின்றோம். பதினோரு பேர். உட்காரச் சொல்ல மறந்துவிட்டு ஆசிரியர் ஃபாரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அதுவரை எங்கள் தெரு எது என்று தெரியாமல் கூடவே சாப்பிட்ட ஒருத்தி மறுநாள் இடம் மாறி உட்கார்ந்தாள். ஆசிரியர் எங்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அரசு கொடுத்த உதவியை எங்களிடம் சேர்க்கத்தான் செய்தார். அவர் செய்ததில் தவறு என்ன என்று அவரிடம் கேட்டிருந்தால் அவருக்கு விளங்கியிருக்காது. அந்தத் தொகையில் நாங்கள் வாங்கியது ஒரு ஜாமெட்ரி பாக்ஸும் நோட்டுகளும். விட்டுக்கொடுத்தது என்ன என்பதைக் கணக்குப் போட எங்களுக்குச் சமூகவியல் முதுகலை வரை படிக்க வேண்டியிருந்தது.

அந்தப் படிப்பில் எதிர்ப்பட்ட இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்ல வேண்டும். 1968-ல் அமெரிக்காவில் ரோசந்தால், ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துவிட்டு, இந்த ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகள் இந்த ஆண்டு நன்றாக வளரப் போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் பட்டியல் கொடுத்தார்கள். பட்டியல் குலுக்கல் முறையில் எடுத்தது. ஆண்டு முடிவில், குறிப்பாகச் சின்ன வகுப்புகளில், பட்டியலில் இருந்தவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இந்த முடிவைப் பற்றிப் பிற்பாடு பெரிய சர்ச்சை நடந்தது. விளைவு அவ்வளவு பெரியது இல்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்த விவாதம் இருக்கட்டும். நமக்கு அந்தப் பட்டியல் புதியதே இல்லை. சாதி என்பது ஆசிரியர் கையில் ஏற்கெனவே இருக்கிற பட்டியல்தான்.

இரண்டாவது ஆய்வு இன்னும் நெருக்கமானது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களை வைத்துச் செய்தது. உயர்சாதிச் சிறுவர்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். தாளில் அச்சிட்ட வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சரியாகத் தீர்த்தால் காசு. யாருடைய சாதியையும் சொல்லாமல் நடத்தியபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் முன்னால் பெயரோடு சாதியையும் வாசித்துவிட்டு நடத்தியபோது தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே சிறுவர்கள், அதே புதிர், அதே காசு. நடுவில் வந்தது ஓர் அறிவிப்பு மட்டும். இதைப் படித்த அன்று எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் நின்ற அந்தப் பதினோரு பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது ஆறு பேர்.

ஒன்பதாம் வகுப்பைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி. ஒன்பதில்தான் முதன்முறையாகப் பள்ளிக்கு ஒரு பிள்ளையை நிறுத்திவைக்கும் அதிகாரம் வருகிறது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. “இவன் ரிசல்ட்டைக் கெடுத்துடுவான்” என்ற பேச்சு ஆசிரியர் அறையில் தொடங்குவது இங்கேதான். “டி.சி. வாங்கிட்டு வேற எங்கயாச்சும் சேர்த்துக்குங்கம்மா” என்று கூலி வேலையை விட்டுவிட்டு வந்த தாயிடம் சொல்லப்படுவது இங்கேதான். அதைத் தாண்டி வந்தால் பதினொன்றாம் வகுப்பில் குரூப் கொடுக்கும் நாள். “உனக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேணாம்பா, கஷ்டமா இருக்கும்.” இது அக்கறையின் குரலில் வரும். “உனக்கென்னப்பா, முப்பத்தஞ்சு எடுத்தாப் போதும்” என்பது நகைச்சுவையின் குரலில் வரும். வகுப்பு சிரிக்கும். அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். சிரிக்காவிட்டால் இன்னும் கேவலம்.

சின்ன வயதில் அடி விழுந்தால் அழுதுவிட்டு மறந்துபோகும் பிள்ளைக்குப் பதினான்கு வயதில் சொல் புரிகிறது. தன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதை அதிகாரபூர்வமாக உறுதிசெய்கிற ஆளாக ஆசிரியர் நிற்கிறார். ஊரில் பண்ணையார் சொன்னால் எதிர்த்துக் கோபப்படலாம். எல்லாம் தெரிந்தவர் என்று நம்புகிற ஒருவர் சொன்னால் அது உண்மையாக இருக்குமோ என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும். அங்கே முறிகிறது ஆர்வம்.

பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தது. சிறுமியாக இருந்தபோது தென்னை மரத்தில் விளையாடுகையில் ஒரு குரும்பை கீழே விழுந்துவிட, மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தலைமையாசிரியர் அவரைத் திருடி என்று பெயர் சொல்லி அழைத்து, சாதியைச் சொல்லி வெளியே அனுப்பியதை எழுதியிருக்கிறார். அழுதுகொண்டு பாதிரியாரிடம் கடிதம் வாங்கிவந்த பிறகே வகுப்பில் சேர்த்தார்கள். படித்தால் மதிப்பு வரும், நன்றாகப் படி என்று அவருக்குச் சொன்னது அவருடைய அண்ணன். பள்ளி முறித்ததை வீடு ஒட்டவைத்தது. பாமா பின்னால் தாமே ஆசிரியரானார். எல்லா வீட்டிலும் அப்படி ஓர் அண்ணன் இருப்பதில்லை. அந்தப் பதினோரு பேரில் ஐந்து பேருக்கு இல்லை.

கைநீட்டும் கொடுமையும் ஒழிந்துபோய்விடவில்லை. 1995-ல் சேலம் மாவட்டத்தில் சாதி இந்துக்களுக்கு வைத்திருந்த பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்ததற்காக ஆசிரியர் அடித்து, ஒரு தலித் சிறுமியின் கண் போனது. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். இவற்றுக்கு வழக்கு உண்டு, சட்டம் உண்டு, நாம் தெருவுக்கு வருகிறோம். “முப்பத்தஞ்சு போதும்” என்பதற்கு எந்தப் பிரிவில் புகார் எழுதுவது?

நாங்குநேரியில் நடந்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்துகிறார். பள்ளியிலிருந்து விசாரிக்கிறார்கள். அவர் நடந்ததைச் சொல்கிறார், புகார் எழுதப்படுகிறது. 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அரிவாளால் வெட்டுகிறார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. கோயமுத்தூர்ப் பத்தியில் நாம் தேடிய கேள்வி, “ஏனப்பா வரவில்லை?” என்ற கேள்வி, இங்கே கேட்கப்பட்டது. ஆனால் பதிலைச் சொன்ன பிள்ளையைக் காப்பாற்ற அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நிர்வாகம் இல்லை. கேலுஸ்கர் போன்ற நல்லவர்கள் வந்தால் போதும் என்று யாராவது நினைத்தால் நாங்குநேரியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றித்தான் தொலைக்காட்சிகள் விவாதித்தன. 2019-லேயே அந்தக் கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை போய், எதிர்ப்பு கிளம்பியதும் கிடப்பில் போடப்பட்டது என்பது தனிக் கதை. அறிக்கையில் நாம் கவனிக்க வேண்டியவை வேறு. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக் கூடாது. சாதியைக் குறிப்பிட்டு ஆசிரியர் அழைக்கவோ இழிவாகப் பேசவோ கூடாது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும். அந்தந்தப் பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர்களை அங்கேயே தலைமையாசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் நியமிக்கக் கூடாது. புலே 1882-ல் கேட்டதற்கும் எம்.சி. ராஜா 1922-ல் கேட்டதற்கும் இதற்கும் உள்ள தொடர்ச்சி தெரிகிறதா? யார் முன்னால் நிற்கிறார், என்ன சொல்லி அழைக்கிறார் என்பதுதான் நூற்றைம்பது ஆண்டுகளாக நம் கோரிக்கை. அறிக்கை வந்ததற்காகக் கைதட்டினோம். எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளில் எத்தனைப் பதிவேடுகள் மாறின என்று நாம் போய்ப் பார்த்தோமா?

கடைசியாகச் சொல்ல வேண்டியது எங்களைப் பற்றி. இதைச் சொல்லாமல் ஆசிரியர்களை மட்டும் குற்றம் சாட்டிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது.

எங்கள் மாலைப் பள்ளி காலனியின் சமுதாயக் கூடத்தில் நடக்கிறது. சுவரில் அண்ணல் படம், சாவித்திரிபாய் படம். கல்லூரி மாணவர்கள் வந்து கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் கேட்போம். நன்றாக எடுத்தவர்களுக்குப் பேனா. குறைவாக எடுத்தவர்களை எழுந்து நிற்கச் சொல்வோம். நின்றபடி கேட்க வேண்டிய உரை ஒன்று வைத்திருந்தோம். பாபாசாகேப் கோணிப்பையில் உட்கார்ந்து படித்தார், உங்களுக்கு ஃபேன், லைட் எல்லாம் இருந்தும் என்ன கேடு? அவர் பதினெட்டு மணி நேரம் படித்தார், நீங்கள் செல்போன் பார்க்கிறீர்கள். உங்களால் சமூகத்துக்கே தலைகுனிவு. இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கண் கலங்கும். உணர்ச்சியோடுதான் சொன்னோம்.

ஒரு டிசம்பர் மாதம் அப்படி நின்றவர்களில் முன்பு “வாத்தியார் யாருமே இல்லியா” என்று கேட்ட அந்தச் சிறுமியும் இருந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் 19. உரை முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் உட்காரவில்லை. “ஸ்கூல்லயும் நிக்கிறேன். இங்கயும் நிக்கிறேன். எங்க போயி உக்கார்றதுக்கா?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று இரவு நாங்கள் ஐந்து பேர் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் பேசத் தோன்றவில்லை. அண்ணலின் துயரத்தையே ஒரு பிரம்பாக்கி, அவர் யாருக்காகப் படித்தாரோ அந்தப் பிள்ளைகளின் மேலேயே வீசியிருக்கிறோம். எங்களுக்கு எழுந்து நில் என்று சொன்னவரிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது பாடத்தை மட்டுமில்லை. நம் சாதி ஆசிரியர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள் நாங்கள். புலேயின் கோரிக்கை சரியானதுதான். ஆனால் நம் ஆளும் பழைய வகுப்பறையிலிருந்தே வருகிறார். அந்தக் குரல் அவருக்குள்ளும் இருக்கிறது.

மதிப்பெண்ணைச் சத்தமாகக் கேட்பதை நிறுத்திவிட்டோம். யாரையும் எழுப்பி நிறுத்துவதில்லை. கணக்குத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, எங்கே தட்டுகிறது என்று பார்க்கிறார். பெரும்பாலும் ஆறாம் வகுப்புப் பின்னத்தில் தட்டுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் தெரியவில்லை என்பதை அதுவரை நாங்கள் கேட்டே பார்த்ததில்லை. அண்ணலைப் பற்றிப் பேசுகிறோம், ஆனால் தேர்வு முடிவு வருகிற வாரத்தில் பேசுவதில்லை. பள்ளிக்குப் போய், ஸ்காலர்ஷிப் பிள்ளைகளை வகுப்பில் எழுப்ப வேண்டாம், ஃபாரத்தை ஆபீஸில் தனியாகக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு பள்ளியில் உடனே ஒப்புக்கொண்டார்கள். இன்னொன்றில் இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்டார்கள். அங்கே மறுபடியும் போக வேண்டும். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் அவரவர் படித்த பள்ளிக்கு ஜூன் மாதம் ஃபாரம் வரும் நேரத்தில் ஒரு நடை போய்வர முடியும்.

அந்தப் பெண் பிப்ரவரியில் பள்ளியையும் நிறுத்திவிட்டாள். அவள் அம்மாவோடு பூ கட்டுகிறாள். முதல் முறை போனபோது எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். இரண்டாவது முறை மன்னிப்புக் கேட்கத்தான் வந்தோம் என்று வாசலில் நின்றபடியே சொன்னோம். வெளியே வந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் அம்மா எங்களை உட்காரச் சொன்னார். உட்கார்ந்து, கூடவே கொஞ்ச நேரம் பூ கட்டினோம். கட்டத் தெரியாத எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறோம்.